கண்ணாடிப் பிடி போட்ட ஸ்மித் 39: இது ஏ.எஸ்.பி.யா, இல்லையா?

கொலம்பஸ் கதிர் | பிப்ரவரி 9, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவன் நான். இன்றைக்கு ஒரு சந்தேகம் கொண்டுவந்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிவிட்ட பிறகு வந்த சந்தேகம்.

எங்கள் தெருக் கோடியில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா இருந்தார். குளிர்காலத்தில் அவர் வாசல் பனியை நான்தான் தள்ளிக் கொடுப்பேன். போன டிசம்பரில் காலமாகிவிட்டார். பாட்டி அவருடைய நாலு துப்பாக்கிகளையும் பக்கத்து ஊர்க் கடையில் விற்பனைக்குக் கொடுத்தார். அதில் ஒன்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 39-2, 9 மில்லிமீட்டர் பிஸ்டல். ஆனால் பார்த்தால் 39 மாதிரியே இல்லை. குழலும், அதன் மேல் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடும் குட்டை. பிடியும் குட்டை. சுத்தியின் வாலை வெட்டி மழுக்கியிருக்கிறார்கள். விசையைச் சுற்றிய வளையமான விசைக்காப்பின் முன்பக்கம் விரல் வைக்கிற மாதிரி உள்வளைவு. விளிம்பெல்லாம் வழவழவென்று நக்கிவிட்ட சோப்புக்கட்டி போல இருக்கிறது. கைப்பிடித் தகடுகள் இரண்டும் கண்ணாடி மாதிரி தெளிந்த பிளாஸ்டிக்.

கடைக்காரர் "ஏ.எஸ்.பி." என்றார், அதாவது 39-ஐ வெட்டிக் குட்டையாக்கிச் செய்த பெயர்பெற்ற ரகம். விலையையும் அப்படியே சொன்னார். பாதிக்குப் பேசி முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் வயிற்றைக் கலக்குகிறது. பெரியவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

டல்லாஸ் துரை | பிப்ரவரி 9, இரவு 10.15

ஒரே கேள்வி. ஸ்லைடின் முன் நுனியில் குறிபார்க்க உதவும் குறிமுள் இருக்கிறதா?

கொலம்பஸ் கதிர் | பிப்ரவரி 9, இரவு 10.22

இருக்கிறது அண்ணே. பின்னாலும் இருக்கிறது. பின்னால் இருப்பது சின்னதாக, உருண்டையாக, ஸ்லைடோடு ஒட்டி இருக்கிறது.

டல்லாஸ் துரை | பிப்ரவரி 9, இரவு 10.24

அப்படியானால் ஏ.எஸ்.பி. இல்லை. தூங்கு.

நியூஜெர்சி நாவலன் | பிப்ரவரி 10, காலை 7.05

துரை அண்ணன் ஒரு வரியில் ஆளைக் கொன்றுவிடுவார். காரணம் தெரிந்தால் கதிருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

ஏ.எஸ்.பி.யை உருவாக்கியவர் பாரிஸ் தியோடோர். நியூயார்க்கில் செவன்ட்ரீஸ் என்ற பெயரில் துப்பாக்கி உறைகள் தைத்து விற்றவர். சட்டைக்குள்ளும் இடுப்புக்குள்ளும் வெளியே தெரியாமல் வைக்கும் உறைகள்தான் அவருடைய கைவரிசை. சின்ன வயதில் நாடக மேடையில் நடித்தவர், ஓவியமும் வரைவார். 2006இல் இறந்தார். உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்கும்போது எது எது துணியில் மாட்டுகிறது என்பதை வருஷக்கணக்காகப் பார்த்த மனிதர். அதனால் அவர் 39-ஐக் கையில் எடுத்தபோது முதலில் யோசித்தது சுடுவதைப் பற்றியல்ல, மாட்டாமல் வெளியே வருவதைப் பற்றி. நீங்கள் சொன்ன சோப்புக்கட்டி வழவழப்பு அங்கிருந்து வந்ததுதான். மேலே டெஃப்ளான் பூச்சும் உண்டு.

குறிமுள்ளும் துணியில் மாட்டும். அதனால் முன்குறியையே எடுத்துவிட்டார். அதற்குப் பதில் ஸ்லைடின் மேல் சதுரமான ஒரு வாய்க்கால். கண் பக்கம் அகலமாகத் தொடங்கி முன்னே போகப் போகக் குறுகும். உள்சுவர் மூன்றும் மஞ்சள். மூன்று மஞ்சளும் ஒரே அளவில் தெரிந்தால் குறி நேர். அதற்கு 'கட்டர்ஸ்னைப்' என்று பெயர் வைத்தார். ஏ.எஸ்.பி.யின் கையெழுத்தே அதுதான்.

அப்புறம் கண்ணாடிப் பிடி. லெக்சான் என்ற பாலிகார்பனேட். அழகுக்காகப் போட்டதல்ல. உள்ளே தோட்டா அடுக்கும் பெட்டியான மேகசினின் பக்கச்சுவரையும் வெட்டித் திறந்திருப்பார்கள். துப்பாக்கியைக் கழற்றாமலே எத்தனை தோட்டா மிச்சம் என்று பார்க்கலாம். மொத்தம் 200க்கும் மேற்பட்ட மாற்றங்கள் செய்ததாக அந்தக் காலத்து விளம்பரம் சொல்லும். விளம்பரக் கணக்கில் ஒவ்வொரு மூலையை உருட்டியதும் தனி மாற்றமாகச் சேர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

1980களில் ஜான் கார்ட்னர் எழுதிய ஜேம்ஸ் பாண்ட் நாவல்களில் பாண்ட் கைக்கு ஏ.எஸ்.பி. போய்ச் சேர்ந்தது. விலைக்குக் காலே தேவைப்படவில்லை, இறக்கை முளைத்துவிட்டது. விலை ஏறினால் போலியும் வரும், "ஏ.எஸ்.பி. மாதிரி" வேலையும் வரும். கதிருடையது இரண்டாவது வகை என்று நினைக்கிறேன்.

சாக்ரமென்டோ சங்கர் | பிப்ரவரி 10, காலை 11.30

முன்குறி இருப்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. வாய்க்கால் குறி எல்லோருக்கும் பிடிக்கவில்லை. வாங்கிய யாராவது அதை எடுத்துவிட்டு வேறு குறி பொருத்தச் சொல்லியிருக்கலாம். கதிர், மேகசினைக் கழற்றி, தோட்டா எதுவும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்த பிறகு, அதன் பக்கச்சுவரைப் பாருங்கள். வெட்டித் திறந்திருக்கிறதா? ஸ்லைடில் ஏ.எஸ்.பி. எழுத்து இருக்கிறதா?

கிளீவ்லாந்து உங்கள் ஊருக்கு இரண்டு மணி நேரம்தானே? அங்கே சார்லஸ் கெல்சி டெவெல் என்ற பெயரில் இதே 39-ஐயும் ஸ்மித்தின் இன்னொரு பிஸ்டலான 59-ஐயும் குட்டையாக்கிக் கொடுத்தார். பிடியைக் குட்டையாக்கிய பிறகும் எட்டுத் தோட்டா கொள்ளவைத்ததுதான் டெவெல்லின் பெருமை. உங்கள் மேகசினில் எத்தனை போகும்?

கொலம்பஸ் கதிர் | பிப்ரவரி 10, மாலை 6.50

பார்த்தேன். மேகசின் சுவர் முழுசாக மூடியிருக்கிறது. கண்ணாடிப் பிடி வழியாகப் பார்த்தால் இரும்புச் சுவர்தான் தெரிகிறது! ஜன்னல் வைத்துவிட்டுப் பின்னால் செங்கல் அடுக்கிய கதை. ஸ்லைடில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் முத்திரை தவிர எதுவும் இல்லை. தோட்டா ஏழுதான் போகிறது.

டெவெல் என்றதும் அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். அதுவும் போச்சு.

டல்லாஸ் துரை | பிப்ரவரி 10, இரவு 8.10

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள் தம்பி. உன்னிடம் இருப்பது கெடுத்து வைத்த ஒரு 39.

39 எப்பேர்ப்பட்ட துப்பாக்கி? அமெரிக்க ராணுவம் 9 மில்லிமீட்டருக்குப் போகலாமா என்று யோசித்த காலத்தில் தொடங்கி, 1950களின் நடுவில் கடைக்கு வந்தது. முதல் தோட்டாவுக்கு விசையை நீளமாக இழுத்தால் சுத்தி தானே எழுந்து விழும். அந்த ஏற்பாட்டோடு அமெரிக்க நிறுவனம் ஒன்று பெரிய அளவில் விற்ற முதல் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் அதுதான். ஜெர்மானிய பி38 பிஸ்டலின் பாதிப்பு அதில் உண்டு. 1967இல் இல்லினாய் மாநிலக் காவல்துறை எடுத்துக்கொண்டது. ரிவால்வரைத் தவிர வேறெதையும் தொடாத காவல்துறைகள் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். அப்படிப்பட்ட ஒன்றை அசல் நீலப் பூச்சோடும் வால்நட் பிடியோடும் பெட்டியோடும் வைத்திருப்பதுதான் சேகரிப்பு. வெட்டியதை வைத்திருப்பது வேறு ஏதோ.

அப்புறம் ஒரு வேலை செய். ஃப்ரேமில், அதாவது பிடியோடு சேர்ந்த உடல்பகுதியில், காந்தம் ஒட்டுகிறதா பார். வழக்கமான 39-இன் ஃப்ரேம் அலுமினியக் கலவை. இரும்பு ஃப்ரேம் போட்டது 927தான் வெளியே வந்தது. உன்னுடையது 39-2 என்பதால் அதுவாக இருக்க வழியில்லை. இருந்தாலும் பார்த்துவிடு. இரும்பு ஃப்ரேமை எவனாவது வெட்டியிருந்தால் எனக்குச் சொல்லாதே, தூக்கம் போய்விடும்.

கொலம்பஸ் கதிர் | பிப்ரவரி 10, இரவு 8.31

ஒட்டவில்லை. நிம்மதியாகத் தூங்குங்கள் அண்ணே.

சாக்ரமென்டோ சங்கர் | பிப்ரவரி 11, மதியம் 1.20

"வெட்டியதெல்லாம் குப்பை" என்ற பேச்சை இங்கே மாதம் ஒரு தடவையாவது கேட்கிறேன். எங்கள் பக்கத்து ஊர்க் கதையைச் சொல்கிறேன். சாக்ரமென்டோவுக்கு வடகிழக்கே லிங்கன் என்று சின்ன ஊர். அங்கேதான் துப்பாக்கிகளை வெட்டி மாற்றிச் செய்த ஜான் மார்ட்ஸ் இருந்தார்.

ஜெர்மானிய லூகர் பிஸ்டல்களைச் சேகரிப்பவர்களுக்கு ஒரு தீராத ஏக்கம் உண்டு. 1907இல் அமெரிக்க ராணுவம் .45 பிஸ்டல் தேடி ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையில் சோதனை நடத்தியது. கோல்ட், சாவேஜ் எல்லாம் வந்தன. கேயோர்க் லூகரும் தன்னுடையதை .45 அளவில் செய்துகொண்டு வந்தார். கைவிரல் விட்டு எண்ணும் அளவில்தான் செய்தார்கள். பிறகு ஜெர்மன் நிறுவனம் போட்டியிலிருந்து விலகிவிட்டது. கடைசியில் ஜெயித்தது கோல்ட், அதுதான் 1911. அந்த .45 லூகர்களில் ஒன்று 2010 ஏலத்தில் ஐந்து லட்சம் டாலருக்குக் கொஞ்சம் குறைவாகப் போனது. அதற்கு முன்னால் பத்து லட்சத்துக்குக் கைமாறியதாகச் சொல்லப்பட்ட அதே துப்பாக்கி. விலை இறங்கியும் அந்த விலை!

சரி, மிச்சப் பேர் என்ன செய்வது? மார்ட்ஸ் செய்து கொடுத்தார். .45 தோட்டா சாதாரண லூகரின் பிடிக்குள் போகாது. அதனால் அவர் இரண்டு லூகர்களின் ஃப்ரேம்களை வெட்டி, ஒட்டிப் பற்றவைத்து, ஒரு அகலமான ஃப்ரேமாக ஆக்கினார். முடித்த பிறகு ஒட்டு எங்கே என்று விரலால் தடவினாலும் தெரியாது. குட்டி லூகர்களும் செய்தார், குட்டி பி38-களும் செய்தார். என்னிடம் இருப்பது குட்டி லூகர்தான். ஜே.வி.எம். என்ற அவருடைய முதலெழுத்துகள் இருக்கின்றன. இன்னொரு சின்ன வேலையும் செய்திருக்கிறார். லூகரில் தோட்டா தீர்ந்ததும் டாகிள் என்ற கணு மேலே மடங்கி நிற்கும். அதை விடுவிக்க மறுபடி பின்னால் இழுத்து விட வேண்டும். மார்ட்ஸ் பாதுகாப்புப் பொத்தானையே அழுத்தி விடுவிக்கிற மாதிரி செய்தார். எம்.எஸ்.டி.ஆர். என்று அதற்குப் பெயர். கேட்டால் சாதாரணமாக இருக்கும். நூறு வருஷத்துக்கு முன்னால் லூகரே செய்திருக்க வேண்டியது என்று கையில் எடுத்தால் தோன்றும்.

துரை அண்ணே, இதையும் கெடுத்து வைத்தது என்பீர்களா?

டல்லாஸ் துரை | பிப்ரவரி 11, மாலை 4.45

என்பேன். ஒன்று செய்ய இரண்டைக் கொன்றார். லூகரில் திருகாணி அளவு உருப்படியில்கூடக் கடைசி இரண்டு எண்ணைக் குத்தியிருப்பான் ஜெர்மன்காரன். எல்லா எண்ணும் ஒத்துப்போகும் லூகரை வெட்டுகிறவனுக்குக் கை நடுங்க வேண்டும்.

சாக்ரமென்டோ சங்கர் | பிப்ரவரி 11, மாலை 5.02

எண் ஒத்துப்போவதை யார் வெட்டினார்கள்? போர் முடிந்து சிப்பாய்கள் மூட்டையில் கொண்டுவந்தவற்றில் உறுப்பு எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை, துருவேறியவை, குழல் தேய்ந்தவை எத்தனையோ. அந்த மாதிரிப் பீஸ்களை அன்றைக்கு அடிமாட்டு விலைக்குக்கூட யாரும் கேட்கவில்லை.

டல்லாஸ் துரை | பிப்ரவரி 11, மாலை 6.15

அது ஓரளவு சரி. ஒத்துக்கொள்கிறேன்.

நானும் வேலைப்பாட்டுக்கு எதிரியில்லை. லூசியானாவில் ஜிம் கிளார்க் இருந்தார், 1958இல் தேசியப் பிஸ்டல் சாம்பியன். காகித இலக்குச் சுடுவதற்கு .38 ஸ்பெஷல் என்கிற ரிவால்வர் தோட்டாவை, விளிம்புள்ள தோட்டாவை, கோல்ட் ஆட்டோமேட்டிக்கில் ஓட வைத்தார். மேகசினில் விளிம்போடு விளிம்பு சிக்கி மல்லுக்கு நிற்கும் சமாசாரம் அது. அவரும் இரண்டு ஸ்லைடை வெட்டி ஒட்டி நீளமாக்கியவர்தான். அவர் செய்த ஒன்று என்னிடமும் இருக்கிறது. ஆனால் அதோடு அவர் கடை ரசீது இருக்கிறது. அதனால் அது கிளார்க். ரசீது இல்லாவிட்டால் அது யாரோ வெட்டிய கோல்ட். அவ்வளவுதான் நான் சொல்வது.

கோவை வேட்டைக்காரன் | பிப்ரவரி 12, காலை 10.10

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வேட்டையெல்லாம் தாத்தாவோடு முடிந்தது. நமக்கு இதெல்லாம் கண்காட்சிதான். இங்கே 9 மில்லிமீட்டர் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. தாத்தா வழியில் வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். வெட்டிக் குட்டையாக்குவது என்ற பேச்சே வேண்டாம். குழலைக் குறுக்க ஆயுதச் சட்டம் 6ஆம் பிரிவில் தனி உரிமம் கேட்கிறான். எங்கள் வீட்டில் ஒரு .32 இருக்கிறது. பெட்டியைத் திறந்து எண்ணெய் போட்டு மூடுவதே என் சேகரிப்பு.

இரண்டு அண்ணன்மாரும் அடித்துக்கொள்வதைப் பார்த்ததும் எழும்பூர் அருங்காட்சியகம் ஞாபகத்துக்கு வந்தது. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் கொஞ்சம் அங்கே இருக்கின்றன. தஞ்சாவூர்க் கட்டாரிகளில் பலவற்றின் அலகு நம் ஊர் அலகு இல்லை, ஐரோப்பிய வாள்களின் அலகு. கப்பலில் வந்த பரங்கி வாளை ஒடித்து, நம் கொல்லன் செய்த பிடியில் பொருத்தியிருக்கிறார்கள். அதைப் பார்த்து யாரும் "நல்ல வாளைக் கெடுத்துவிட்டான்" என்று சொல்வதில்லை. கட்டாரி என்றுதான் சொல்கிறார்கள். லண்டனில் ஏலத்துக்கு வந்தால் ஐரோப்பிய அலகு என்பதையே சிறப்பாக எழுதி விற்கிறார்கள்.

கதிர் தம்பியின் துப்பாக்கிக்கும் முந்நூறு வருஷம் கொடுங்கள்.

நியூஜெர்சி நாவலன் | பிப்ரவரி 12, காலை 10.42

முந்நூறு வருஷம் கழித்து என்ன, பத்து வருஷத்திலேயே ஸ்மித் கம்பெனி திருந்தியது. இந்த வெட்டுக்காரர்கள் எல்லாம் காட்டிய பிறகுதான் 1980களின் தொடக்கத்தில் 469 என்ற குட்டைப் பிஸ்டலைக் கம்பெனியே விட்டது. அந்தப் பத்தாண்டின் முடிவில் வந்த 3913-ஐ ஏ.எஸ்.பி. பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் மாதிரி இருக்கும். 3913 வந்த பிறகு இத்தனை செலவு செய்து 39-ஐ வெட்ட யாருக்கும் அவசியம் இல்லாமல் போனது. இன்று இவை அரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அட்லாண்டா அமுதா | பிப்ரவரி 13, இரவு 9.00

இழை முழுக்கப் படித்தேன். வழக்கம் போல ஆண்கள் எல்லோரும் தோட்டாவையும் சுத்தியையும் பேசிவிட்டுத் தாளைப் பேசவில்லை. துரை சார் மட்டும் கடைசியில் தொட்டார். என்னிடம் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கான சி அண்ட் ஆர் உரிமம் இருக்கிறது, கணக்காளர் வேலை வேறு. ஆகவே தாள் என் துறை.

முதலில் உரிமம். 50 வயது ஆனால் துப்பாக்கி தானாகவே சேகரிப்புப் பொருளாகிவிடும், சி அண்ட் ஆர் உரிமத்திலேயே நேராக வீட்டுக்கு வரவழைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வயது மட்டும் போதாது, அசல் அமைப்பிலும் இருக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் ஆயுதக் கட்டுப்பாட்டு அமைப்பான ஏ.டி.எஃப். உங்கள் 39-2 1971ஐச் சேர்ந்ததாகவே இருந்தாலும் குழலும் பிடியும் வெட்டப்பட்ட பிறகு அந்தச் சலுகை கிடையாது. ஏ.டி.எஃப். பட்டியலில் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தால்தான் உண்டு. வெளி மாநிலத்திலிருந்து வாங்கினால் சாதாரணத் துப்பாக்கி போல உங்கள் ஊர் உரிமக் கடை வழியாகத்தான் வர வேண்டும். நீங்கள் கடையில் வாங்கியதால் பிரச்சினை இல்லை. பின்னால் விற்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வரிசை எண். இந்த மாதிரி வேலைகளில் உருட்டி, மெருகேற்றி, மறுபடி பூச்சுப் போடுவார்கள். எண் மங்கிப்போயிருக்கும் சில பீஸ்களைக் கண்காட்சிகளில் பார்த்திருக்கிறேன். யார் செய்த வேலையாக இருந்தாலும் சரி, எண் அழிந்திருந்தாலோ அழிக்க முயன்ற அடையாளம் இருந்தாலோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். வைத்திருப்பதே மத்திய அரசுக் குற்றம்.

மூன்றாவது, கம்பெனிக் கடிதம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அமைப்புக்கு எழுதிப் போட்டால், இந்த எண் துப்பாக்கி எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் தருவார்கள். நல்ல கடிதம், சட்டம் போட்டு மாட்டலாம். ஆனால் அது தொழிற்சாலைக் கதவோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு துப்பாக்கி யார் கைக்குப் போனது, யார் வெட்டியது, எதற்கு வெட்டியது, எதுவும் அதில் இருக்காது. சில விற்பனையாளர்கள் வெட்டி மாற்றிய துப்பாக்கியை "கடிதத்துடன் கூடிய கன்வெர்ஷன்" என்று விளம்பரம் செய்வதைப் பார்த்தால் சிரிப்பு வரும். அந்தக் கடிதம் வெட்டப்படாத 39-க்கு உரியது. கன்வெர்ஷனுக்குச் சாட்சி ரசீது, துப்பாக்கி வேலை செய்த கன்ஸ்மித்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து, கூடவே செய்த உறை, பழைய புகைப்படம், இவைதான்.

வேலைப்பாட்டின் பாணியைச் சாட்சியாக எடுக்கவே முடியாது. கலிஃபோர்னியாவில் ஆர்மண்ட் ஸ்வென்சன் என்று பெரிய ஆள் இருந்தார். 1911-இன் விசைக்காப்பைச் சதுரமாக்கியது, இரண்டு பக்கமும் பாதுகாப்பு நெம்புகோல் வைத்தது எல்லாம் அவர் பெயரைச் சொல்லும். அப்புறம் நாடு முழுக்க எல்லோரும் அதையே செய்தார்கள். சதுர விசைக்காப்பைப் பார்த்ததும் "ஸ்வென்சன்" என்று விலை சொல்பவனிடம் தாளைக் காட்டு என்பேன். கதிர், நீங்கள் அந்தப் பாட்டியிடம் போய்க் கேட்டீர்களா? துப்பாக்கியைக் கடையில் கொடுத்தார், சரி. மேசை இழுப்பறையில் இருந்ததை என்ன செய்தார்?

கடைசியாக, கண்ணாடிப் பிடி. இதை என் செலவில் கற்றேன், உங்களுக்கு இலவசம். எனக்கு ஒரு சமயம் லெக்சான் தகடு ஒரு ஜோடி கிடைத்தது. பழுப்பேறியிருக்கிறதே என்று குழல் சுத்தம் செய்யும் திரவத்தைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். காப்பி போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் தகடு முழுக்கச் சிலந்திவலை. மெல்லிய விரிசல்கள் உள்ளேயே ஓடியிருந்தன. பாலிகார்பனேட்டுக்கு அந்த மாதிரித் திரவங்களும் ஆகாது, அம்மோனியா கலந்த ஜன்னல் துடைப்பானும் ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் சோப்பு, மெல்லிய துணி, அவ்வளவுதான். துப்பாக்கியைச் சுத்தம் செய்யும்போது தகடுகளைக் கழற்றித் தள்ளி வையுங்கள்.

கோவை வேட்டைக்காரன் | பிப்ரவரி 14, காலை 8.25

அமுதா அக்கா சொன்னதில் ஒரு சந்தேகம். கண்ணாடிப் பிடி என்பதே ஏ.எஸ்.பி.யில் தொடங்கியதா?

நியூஜெர்சி நாவலன் | பிப்ரவரி 14, காலை 8.50

இல்லை இல்லை. இரண்டாம் உலகப் போரிலேயே உண்டு. விழுந்து நொறுங்கிய விமானங்களின் பிளெக்சிகிளாஸை அறுத்து, சிப்பாய்களே தங்கள் .45க்குப் பிடி செய்துகொண்டார்கள். உள்ளே மனைவி படம், காதலி படம். 'ஸ்வீட்ஹார்ட் கிரிப்' என்று இன்றும் தனியாகச் சேகரிக்கிறார்கள். தோட்டா தெரியட்டும் என்று ஒரு பக்கத்தை மட்டும் படமில்லாமல் விட்டவர்களும் உண்டு. தியோடோருக்கு முப்பது வருஷம் முன்னால்!

கதிர், உங்களுடையதைக் கழற்றிப் பாருங்கள், பாட்டி படம் இருந்தாலும் இருக்கும்.

கொலம்பஸ் கதிர் | பிப்ரவரி 14, மாலை 5.30

கழற்றினேன். படமெல்லாம் இல்லை. காய்ந்த எண்ணெய்தான். சோப்புத் தண்ணீரில் கழுவினேன் அக்கா, திரவம் தொடவில்லை.

பாட்டியிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. துக்க வீடு.

அட்லாண்டா அமுதா | பிப்ரவரி 14, மாலை 5.48

துப்பாக்கியின் விலையைக் கேட்கத்தான் கூச்சப்பட வேண்டும். "தாத்தா இதை எங்கே செய்தார்?" என்று கேட்டால் அந்த அம்மாவுக்கு இரண்டு மணி நேரம் பேச ஆள் கிடைத்த மாதிரி இருக்கும். சும்மா போகாதீர்கள், சாப்பிட ஏதாவது எடுத்துக்கொண்டு போங்கள்.

கொலம்பஸ் கதிர் | மார்ச் 16, இரவு 10.05

ஒரு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். போனேன். வீட்டில் லெமன் ரைஸ் செய்து எடுத்துக்கொண்டு போனோம். அமுதா அக்கா சொன்னது போல இரண்டு மணி நேரம் இல்லை, மூன்று.

தாத்தா வேலை செய்தது வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில். அது எனக்குத் தெரியவே தெரியாது. பனி தள்ளும்போது நாங்கள் பேசியது எல்லாம் கால்பந்து. ஒரு நாள் ஒரு துப்பாக்கிப் பத்திரிகையில் ஏ.எஸ்.பி. படத்தைப் பார்த்திருக்கிறார். விலையைப் பார்த்துவிட்டுப் பாட்டி முடியாது என்றிருக்கிறார் (இதைச் சொல்லும்போது பாட்டி சிரித்தார்). அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு, தன் 39-ஐயும் எடுத்துக்கொண்டு, இரண்டு ஊர் தள்ளி இருந்த ஒரு கன்ஸ்மித்திடம் போயிருக்கிறார். அவர் பண்ணைக்காரர், குளிர்காலத்தில் மட்டும் துப்பாக்கி வேலை.

சுருட்டுப் பெட்டி ஒன்றில் இதெல்லாம் இருந்தது: 1979 தேதி போட்ட கையெழுத்து ரசீது, அதில் வரிசை எண், குழல், ஸ்லைடு, பிடி, பூச்சு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. கிழித்த அந்தப் பத்திரிகைப் பக்கம், ஓரத்தில் பென்சிலால் அம்புக்குறி போட்டு, "இது வேண்டும்", "இது வேண்டாம்" என்று தாத்தா எழுதியிருக்கிறார். வாய்க்கால் குறிக்கு நேராக "வேண்டாம்". கண்ணாடிப் பிடிக்கு நேராக "வேண்டும்". மேகசினை வெட்டித் திறக்க எவ்வளவு ஆகும் என்று கன்ஸ்மித் ஒரு தொகை எழுதியிருக்கிறார், அதைத் தாத்தா கோடு போட்டு அடித்திருக்கிறார்.

அதனால்தான் ஜன்னலுக்குப் பின்னால் சுவர்.

அப்புறம் ஒரு தோல் உறை, வெட்டிய அளவுக்கே தைத்தது. எல்லாவற்றையும் பாட்டி கொடுத்துவிட்டார். காசு வாங்கவில்லை. ரசீதின் நகல் ஒன்றை மட்டும் அவருக்கு எடுத்துக் கொடுத்தேன். கம்பெனிக் கடிதத்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன்.

சாக்ரமென்டோ சங்கர் | மார்ச் 16, இரவு 10.30

அந்தப் பத்திரிகைப் பக்கத்தை மடிப்பில் கிழியாமல் அமிலமில்லாத உறையில் வையுங்கள். அசல் ஏ.எஸ்.பி. எனக்கு ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும். "வேண்டாம்" என்று பென்சிலில் எழுதிய பக்கம் கிடைக்காது.

டல்லாஸ் துரை | மார்ச் 17, காலை 6.40

ரசீதில் வரிசை எண் இருக்கிறது என்றாயே, துப்பாக்கியோடு ஒத்துப் பார்த்தாயா?

கொலம்பஸ் கதிர் | மார்ச் 17, காலை 7.15

பார்த்தேன் அண்ணே. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது.

டல்லாஸ் துரை | மார்ச் 17, காலை 7.20

சரி. கடைக்காரன் சொன்ன விலையில் பாதி கொடுத்தாய். ஏ.எஸ்.பி. என்று நினைத்தால் கொள்ளை லாபம். வெட்டிய 39 என்று நினைத்தால் ஏமாந்தாய். இப்போது பெட்டியோடு சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய நியாயமான விலைதான். விற்கிற எண்ணம் இருந்தால் எனக்கு முதலில் சொல்.

கொலம்பஸ் கதிர் | மார்ச் 17, காலை 7.31

கெடுத்து வைத்த 39 உங்களுக்கு எதற்கு அண்ணே?

டல்லாஸ் துரை | மார்ச் 17, காலை 7.33

கேள்விக்குப் பதில் சொல். விற்கிறாயா?

கொலம்பஸ் கதிர் | மார்ச் 17, காலை 7.34

இல்லை.

டல்லாஸ் துரை | மார்ச் 17, காலை 7.41

அப்படியானால் இதையாவது செய். அந்தத் தோல் உறைக்குள் துப்பாக்கியைப் போட்டு மூடி வைக்காதே. பதனிட்ட தோலில் இருக்கும் உப்பும் அமிலமும் ஈரத்தை இழுத்துப் பூச்சைத் தின்றுவிடும். ஒரு கோடைக்காலம் போதும். உறை தனி, துப்பாக்கி தனி.

கொலம்பஸ் கதிர் | மார்ச் 17, காலை 7.52

நேற்று ராத்திரி உறைக்குள்தான் இருந்தது. இப்போது எடுத்துவிட்டேன்.